மலைக்குப் போதல்

உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போய் வருகிறவர்களுக்கு மலைக்குப் போதல் என்பது விடுமுறையின் மறுபெயர். இலங்கையின் மலையகத்தில், லயத்தில் பிறந்த என் போன்றவர்களுக்கு அந்தச் சொற்றொடரின் பொருள் வேறு. தேயிலை நட்ட நிலத்தின் ஒவ்வொரு துண்டும் எங்கள் வழக்கில் ஒரு 'மலை'. ஐந்தாம் நம்பர் மலை, கோயில் மலை, பங்களா மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அதிகாலையில் பிரட்டுக்களத்தில் கூடும்போது, இன்றைக்கு எந்த மலை என்று கணக்கப்பிள்ளை அறிவிப்பார். 'நீ மலைக்குப் போகவில்லையா?' என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்டால், இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா, பேர் போடவில்லையா என்றுதான் அர்த்தம்.

இதனை இப்போது எழுத நேர்ந்தமைக்குக் காரணம், கோத்தகிரியில் இருக்கும் என் அத்தை மகன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அப்பேரிடரில், மலையகத்தின் பல இடங்கள் மண்ணுக்குள் போயின. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அவர் கேட்டது இதுதான்: "மாப்பிள்ளை, கொழும்பை விட்டு அட்டன் பக்கம் போய்க் குடியிருக்கப் போவதாகச் சொன்னாயே, இன்னுமா அந்த எண்ணம்?"

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவன் நான். சொந்த மண்ணில் போய் இருப்பதன் இன்பம் எவ்வளவு, இடர் எவ்வளவு என்று என் அளவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க முயன்றேன். போடப் போட அது என் சொந்தக் கணக்காக இல்லாமல் இருநூறு ஆண்டுக் கணக்காகிவிட்டது.

அந்த மலைகளை வெளியுலகுக்கு இன்பமாக எழுதிக் காட்டியவர்கள் வெள்ளைக்காரர்களே. 1819இல் மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகை எழுப்பி, நோயுற்ற படையினர் உடல் தேறும் வாசஸ்தலமாக அவ்விடத்தை மாற்றினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். கொழும்பின் வெக்கையில் காய்ச்சலுற்ற ஐரோப்பியருக்கு அதன் குளிரே மருந்து. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன் காய்ச்சலோடு நுவரெலியாவுக்கு வந்து இரண்டே வாரத்தில் தேறியவர். அந்த மகிழ்ச்சியில் 1848இல் அங்கேயே குடியேறி, மாடும் ஆடும் விதையும் வேலையாட்களும் இங்கிலாந்திலிருந்து தருவித்து ஒரு பண்ணையையே நிறுவினார். காலையில் வேட்டை நாய்களோடு மரை துரத்துவதும் மாலையில் கணப்பருகே அமர்வதுமாக அவர் கழித்த எட்டாண்டுகள் இரண்டு நூல்களாயின.

வேட்டை என்றால் அளவான வேட்டையன்று. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகளைச் சுட்டார் என்பார்கள். கணக்கு மிகையாகவே இருந்தாலும், 1845இல் ஹப்புத்தளையில் இடி தாக்கி அவர் இறந்தது உண்மை. நுவரெலியாவில் அவருடைய கல்லறையின் மேலும் பிறகு இடி விழுந்தது என்று ஊரார் சொல்லிக்கொள்வதுண்டு. ஹோர்டன் சமவெளியில் இன்று மரைக் கூட்டம் இருக்கிறது, யானை இல்லை.

அதன் பிறகு வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1873இல் ஆளுநர் கிரகரியின் பெயரில் ஏரி, 1875இல் குதிரைப் பந்தயம், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் கழகம். ஓடைகளில் ட்ரவுட் மீன் குஞ்சுகளைக்கூட ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், தூண்டில் போடுவதற்காக. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானு ஓயாவுக்கும் புகையிரதம் வந்த பின்னர், ஏப்ரல் மாத வசந்த காலத்துக்குக் கொழும்புக் கனவான்கள் கூட்டமாக ஏறி வந்தனர். ஏப்ரல் வசந்தம் இன்றும் நடக்கிறது. கொழும்பின் வாகனங்களால் நுவரெலியா வீதிகள் அடைபடுகின்றன. காலனிக் காலத்து வழக்கங்களில் இவ்வளவு பிடிவாதமாக உயிரோடிருப்பது வேறு எதுவுமில்லை என்று நான் நினைப்பதுண்டு.

இந்த இன்பத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. குளிர் காற்றும் ஓடையும் புல்வெளியும் யாருக்குத்தான் கசக்கும்? பேக்கர் கண்டது பொய்யான அழகன்று. என் மனத்தில் படுவது வேறு. பேக்கர் வெயிலைக் கண்டால் வெளியே போனார், மழையைக் கண்டால் கணப்பருகே அமர்ந்தார். அதே மலைகளில் மழையிலும் வெளியே நின்றாக வேண்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்ததே நடந்துதான்.

தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைக் கொன்றன. 1841க்கும் 1849க்கும் இடையில் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நான்கிலொரு பங்கினர், மாண்டிருக்கலாம் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை கணித்து எழுதிற்று. அந்தத் தொகை சரிதானா என்று வரலாற்றாய்வாளர்கள் பின்னர் வாதிட்டுள்ளனர். பாதியைக் கழித்துவிட்டாலும் எஞ்சுவது பேரழிவே. பேக்கர் நுவரெலியாவில் மரை துரத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இரண்டும் ஒரே தீவின் ஒரே தசாப்தத்துச் செய்திகள் என்பது அரிதாகவே ஒரே பக்கத்தில் அச்சாகின்றது.

1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது; பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும். வந்து போனவர்கள் வந்து தங்குபவர்கள் ஆனார்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விட முடிவானது. ஹோர்டன் சமவெளியும் அதைச் சுற்றிய காடும் இன்று எஞ்சியிருப்பதற்கும், 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றதற்கும் அந்த முடிவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே பெருங்காடு பெரும்பாலும் போயிற்று. இன்று மண்சரிவில் நாம் அனுபவிப்பதில் ஒரு பகுதி அன்று வெட்டிய மரங்களின் வட்டி.

தோட்டம் அமைக்கப்பட்ட விதத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். துரையின் பங்களா மேட்டில், நாலு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை தெரியும் இடத்தில் இருக்கும். லயங்கள் பள்ளத்தில், ஓடையோரத்தில், தேயிலைக்கு உதவாத நிலத்தில் இருக்கும். இரட்டை லயத்தின் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர். பின்பக்கம் ஜன்னல் கிடையாது. நான் பிறந்தது அப்படியொரு பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில். சுற்றுலா விளம்பரங்களில் வரும் அந்த மலைக்காட்சியை, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றால் எதிர் லயத்தின் புகை தெரியும்.

வெளியும் பூட்டிய வெளிதான். தோட்டப் பாதை தனியார் பாதை. அந்நியர் நுழைந்தால் அத்துமீறல். ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் நிலைமையைக் காண முதலில் சென்றபோது புடவை வியாபாரிபோல வேடமிட்டுத்தான் போக முடிந்தது. அவரும் என் தொழிலைச் செய்தவர், பத்திரிகையாளர். செய்தி சேகரிக்க வேடம் போடத் தேவையில்லாத காலத்தில் பிறந்தேன் என்று நான் அவ்வப்போது நினைத்து ஆறுதலடைவதுண்டு.

இனி, மழை. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதுவது ஹட்டன் பக்கத்து மலைகளில். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். சென்னை வாசகர்கள் தங்கள் ஊரின் மழையைப் போல் மூன்றரை மடங்கு என்று கொள்ளலாம். மே மாதம் பிடித்தால் செப்ரெம்பர் வரை துணி காயாது. அம்மா தலையில் கறுப்புக் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை என்று போவார். கம்பளி நனைந்தால் அதன் பாரமே கொழுந்தின் பாரத்துக்குச் சமம். அந்தக் கம்பளியும் இலவசமன்று. தோட்டத்தில் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். கால் விரல் இடுக்கில் அட்டை. சவர்க்காரத்தைக் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவதுதான் அன்றைய தற்காப்பு. நிறை குறைந்தால் அரைப்பேர். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி வெள்ளையாக மின்னும். படம் எடுக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதே பனியில் கொழுந்து கருகிவிடும்.

பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், மலையகச் செய்தியாளர்கள் அனுப்பும் செய்திகள் என் மேசைக்குத்தான் வரும். குளவி கொட்டிப் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில். சிறுத்தை தாக்கித் தொழிலாளி காயம். லயத்தின் மேல் மண்மேடு சரிந்தது. இவற்றை நான்கு வரியாகச் சுருக்கி எட்டாம் பக்கத்தில் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். இதே நிகழ்வுகள் கொழும்பில் நடந்திருந்தால் முதற் பக்கம் என்பது எனக்கு அன்றே தெரியும். லயத்தில் பிறந்தவன் கையாலேயே அவை நான்கு வரியாயின என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிறுத்தைக்கும் கதை உண்டு. காடு துண்டுபட்டபின் அதற்கும் தேயிலைதான் வழி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கி, சில நாட்களில் இறந்தது. நாடே வருந்தியது. கண்ணி வைக்கப்பட்டது பன்றிக்காக. வீட்டுத் தோட்டத்து மரக்கறியைப் பன்றி விட்டுவைப்பதில்லை. ஊரார் இரு பக்கமும் பேசினார்கள், இரண்டிலும் நியாயமிருந்தது.

இப்படியெல்லாம் எழுதும்போது, எங்களுக்கு அந்த வெளியில் இன்பமே இருக்கவில்லை என்ற எண்ணம் ஏற்படக்கூடும். அது தவறு. மாசி மாதம் பிறந்துவிட்டால் தோட்டம் தோட்டமாகக் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். பனியிரவுகளில் தப்பு முழங்க மன்மதனும் ரதியும் லயம் லயமாக ஆடிவருவார்கள். வீரபத்திரன் தீப்பந்தத்தோடு பாய்ந்து வரும்போது கம்பளிக்குள் ஒளிந்துகொண்ட பயம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பகலில் கவ்வாத்து வெட்டிய கைதான் இரவில் எமனின் கயிற்றைப் பிடித்திருக்கும். அரங்கத்துக்குக் கூரையில்லை, நுழைவுக் கட்டணமில்லை, துரைக்கும் அழைப்பில்லை. ஹில் கிளப்புக்கு எங்களால் போக முடியவில்லை. காமன் பொட்டலின் அருமையை அவர்களும் அறியவில்லை.

டிசம்பர்ப் பௌர்ணமியில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும். 2,243 மீற்றர் உயரம். பதினான்காம் நூற்றாண்டில் இபன் பதூதா ஏறிய மலை. பௌத்தருக்குப் புத்தர் பாதம், இஸ்லாமியருக்கு ஆதம், எங்களுக்குச் சிவன். ஹட்டன் நிலையத்தில் இறங்கும் கூட்டம் வெசாக் வரை ஓயாது. அப்பா என்னை முதன்முறை கூட்டிச் சென்றது ஏழு வயதில். விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்தது. வாழ்நாள் முழுவதும் மலையிலேயே வேலை செய்த அப்பா, தன் விருப்பத்தில் ஏறிய ஒரே மலை அதுதான். இறங்கும்போது ஒரு சிறுவனைப் போலப் பேசிக்கொண்டே வந்தார்.

பீலிக்கரைக் குளியலும், விறகு பொறுக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையும், மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது வெளித்தெரியும் பழைய ஊரின் கோயிலைப் பார்க்கப் போவதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. 1969இல் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது மூழ்கிய ஊர் அது. வறட்சி என்றால் ஊரே திரண்டு போகும்.

பிறகு, அந்த மலைகளில் இருப்பதா போவதா என்ற முடிவையே எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நாட்டுக்கு நாடு மக்களைத் தலையெண்ணிப் பங்கு போட்ட இவ்வாறான உடன்படிக்கைகள் உலக வரலாற்றில் அதிகமில்லை. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. 1977இல், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அத்தை குடும்பம் ஹட்டனில் அந்தக் கோச்சியில் ஏறியது. தலைமன்னார் வரை போய் அங்கிருந்து கப்பல். பாட்டன் நடந்து வந்த திசையிலேயே பேரன் திரும்பிப் போனான்.

அவர்களுக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டம். அங்கும் குளிர், அங்கும் மழை, அங்கும் அட்டை, அதே கொழுந்து. அத்தை இறக்கும்வரை 'நம்ம மலை மாதிரி வராது' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அத்தை தொழில் செய்த மலையில் அவருக்கு ஒரு பேர்ச்சஸ் நிலமும் சொந்தமில்லை. எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று மச்சானைக் கேட்டேன். பீலித் தண்ணீரின் ருசி, காமன் கூத்து, கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுத்த பாதை என்று அடுக்கினார். பேக்கருடைய நூல்களில் இல்லாத பட்டியல்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெருமளவு தீர்ந்தது. துரைமார் பங்களாக்கள் சில, வெளிநாட்டார் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட 'பீகோ' நடைபாதை 2023இல் முழுமையடைந்தது. பழைய தோட்டப் பாதைகளை இணைத்த வழி அது. அட்டை கடிக்காத நீள்காலுறை மாட்டிக்கொண்டு ஐரோப்பியர் மகிழ்ச்சியாக நடந்து போகின்றனர். எனக்கு அதில் கோபமில்லை. கடைக்கும் வண்டிக்கும் நாலு காசு வருகிறது. அதே 2023இல், ஜூலை இறுதியிலிருந்து ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எம்மவர் ஒரு நடைபயணம் போனார்கள், வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து. அதில் ஒருநாள் நானும் நடந்தேன். தார் வீதி, குடிக்கத் தண்ணீர், கூடவே மருத்துவ வண்டி எல்லாம் இருந்தும், மதியத்துக்குள் கால் கடுத்துவிட்டது.

மண்சரிவை மட்டும் யாரும் மாற்றவில்லை. 2014 ஒக்ரோபர் 29 காலையில் ஊவாப் பக்கம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் புதைந்தன. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறுபவனுக்குப் போக இன்னோர் இடம் வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று கொடுக்கப்பட்டவர்கள் சிறு தொகையினர். பெருந்தொகையினர் இன்னும் லயத்தில். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, கொழும்பில் மகள் வீடு இருக்கிறது. வானம் கறுத்தால் நான் பேருந்து ஏறிவிடலாம். பேக்கரின் கணப்பு எனக்கும் வாய்த்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புயல் ஓய்ந்து பாதைகள் திறந்த பிறகு, கொட்டகலைக்கு அப்பால் ஒரு சிறு காணி பார்க்கப் போனேன். விற்பவர் முதலில் காட்டியது காட்சியை: "இங்கிருந்து பார்த்தால் சிவனொளிபாதம் தெரியும்." தெரிந்தது, அழகாகவே தெரிந்தது. பக்கத்து லயத்தில், ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெரியம்மா ஒருவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மழையென்றால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவரிடம் கேட்டேன்.

"தம்பி, மேல தெரியுதே, அது எட்டாம் நம்பர் மலை. நாப்பது வருசம் அதுலதான் கொழுந்தெடுத்தேன். அது எறங்குனா இந்தக் காணிக்குத்தான் வரும். அந்தா, கோயிலுக்குக் கீழ இருக்குற மேட்டப் பாருங்க. அங்க பயமில்ல."

அந்த மேட்டிலிருந்து சிவனொளிபாதம் தெரியவில்லை. எதிரே தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையும் பாதி மலையும் மட்டுமே தெரிந்தன. மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"காட்சியும் இல்லை என்றால் பிறகு எதற்கு அங்கே?" என்று சிரித்தார்.

காமன் பொட்டல் அங்கிருந்து நடந்து போகும் தூரம் என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, வருகிற மாசிப் பௌர்ணமி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டார்.